சீட்டுக்குள் இருந்தவர்

1973 ஜூன் 17, ஞாயிறு. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் ஆறு மணிக்கு வந்து ஆறு நாற்பதுக்கு நின்றது. ஒன்பது குடம் பிடித்தோம். கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து ரேடியோ நேரத்தோடு ஒப்பிட்டேன். அரை நிமிடம் பின்தங்கியிருந்தது, சரி செய்தேன். எட்டரைக்குக் காசிமேடு போய் வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு, காரப்பொடி மீன் வாங்கி வந்தேன். பத்து மணிக்குச் சவரம். சட்டைகள் இரண்டுக்கு இஸ்திரி போட்டேன்.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இவ்வளவுதான். கீழே முக்கால் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அங்கே எழுதியிருக்க வேண்டிய மனிதரைப் பற்றி இப்போது எழுதுகிறேன்.

எங்கள் சந்தில் எல்லோரும் அவரை நைனா என்றார்கள். பெயர் தெரியும், எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. ராயபுரத்தில், சந்து முனையில் மாதா சிலை வைத்த சிறு குகை போன்ற கெபிக்கு எதிரே, பெரிய கறுப்புக் கார் ஒன்றை நிறுத்தி வாடகைக்கு ஓட்டி வந்தார். கப்பல் கம்பெனி துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது, குள்ளமான உருவம். ஸ்டியரிங்குக்கு மேல் தலை தெரிவதற்காக ஒரு தலையணையை மடித்துப் போட்டு உட்காருவார். காக்கிச் சட்டைக்குள் ஜெபமாலை கிடக்கும். அதிகம் பேச மாட்டார். ஒன்றைச் செய்வதாகச் சொல்லிவிட்டால் செய்துவிடுவார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு உண்மையில் இது ஒன்றுதான் இருக்கிறது.

நான் துறைமுகத்தில் டைம் கீப்பர். ஆட்கள் வந்த நேரமும் போன நேரமும் குறிப்பதுதான் வேலை. மனிதர்கள் வருவதாகச் சொல்லும் நேரத்துக்கும் வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே எத்தனை கதைகள் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அவரிடம் கதையே இருக்காது. நாலு பத்துக்கு வருவதாகச் சொன்னால் நாலு பத்துக்கு வாசலில் ஹாரன் கேட்கும்.

எங்கள் எதிர்வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய அம்மாள், ஆஸ்திரேலியாவில் இருந்த மகனைப் பார்க்க மூன்று மாதம் என்று கிளம்பினாள். அவளிடம் காது கிழிந்த கிழட்டுப் பூனை ஒன்று இருந்தது. கப்பலடிக்கு அவளை ஏற்றிப் போனவர் நைனாதான். "நீங்க வர வரைக்கும் நான் பாத்துக்கறேன் மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டு வந்தார். அவள் வரவில்லை. வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது. அந்தப் பூனை அவரைக் கண்டால் பிராண்டும். அவரும் கையில் கீறலோடு தினமும் மத்தி மீன் வாங்கிப் போட்டார்.

"கடிக்கிற சனியனுக்கு மத்தி, கட்டிகினு வந்தவளுக்கு கருவாட்டுத் தல" என்பாள் அவர் மனைவி, தெரு கேட்கும்படி.

"அவங்க இன்னும் வர்ல இல்ல. வந்துட்டாங்கன்னா நிறுத்திட்றேன்" என்பார் அவர். ஐந்து வருடம் கழித்துப் பூனைதான் நிறுத்தியது.

ஒரு முறை பம்பாயிலிருந்து வந்த அதிகாரி ஒருவரை எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார். வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போன அந்த ஆள், வேலை முடிந்ததும் வேறு யாருடைய காரிலோ பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நைனா மறுநாள் மதியம் வரை அந்த வாசலில் நின்றார். வாட்ச்மேன் சொல்லிப் பார்த்திருக்கிறார்: "அவுரு அப்பவே பூட்டாரு நைனா." அதற்கு இவர், "நிக்கறேன்னு அவராண்ட சொன்னேன்பா. பூட்டேன்னு அவுரு வந்து சொல்லட்டும்" என்றாராம். ராயபுரத்தில் இதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள். சிரித்தவர்களும் அவசரம் என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அவசரம் என்பது பெரும்பாலும் பிரசவம். சந்தில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் அவராகவே வந்து வாசலில் நிற்பார். "நேரம் வந்தா கொரல் குடுங்க. வண்டி கெபியாண்ட நிக்கும்." அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெற்றுப் பிழைக்கும் வரை திருவொற்றியூரைத் தாண்டிச் சவாரி எடுக்க மாட்டார். நல்ல வாடகை வந்தாலும் கையை விரித்துவிடுவார். எங்கள் சந்துப் பிள்ளைகளில் பாதி, அந்தக் காரில் போனவர்கள் பெற்றவை.

1971 தொடக்கத்தில் சினிமா கம்பெனி மேனேஜர் ஒருவர் அந்தக் காரைத் தேடிக்கொண்டு வந்தார். செத்துப்போன முதலாளியின் ஆவி புகுந்த கார் தானாக ஓடி ஆட்களைக் கொண்டுபோகிறது. படத்தின் கதை அது. நைனாவின் வண்டி கறுப்பு, பெரியது, முகப்பு விளக்குகள் பிதுங்கிய கண்கள் போல இருக்கும். வண்டியோடு ஒரு டிரைவரும் வேண்டும், குள்ளமானவராக. வண்டியைப் பார்த்த மேனேஜர் அவரையும் ஏற இறங்கப் பார்த்தாராம். மனைவியைக் கேட்பதற்கு முன் இவர் சரி என்றுவிட்டார்.

ஒப்பந்தக் காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நைனாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். என்னிடம் கொண்டுவந்தார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னேன். ஏழாவது வரியில், படம் எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தாலும், அது ஓடும் வரைக்கும் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருந்தது. அவர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு கெபிக்கு முன்னால் போய் நின்று, மாதாவின் மேல் ஆணையிட்டு மேனேஜரிடம் வாக்குக் கொடுத்தார். மேனேஜருக்கே சங்கடமாகிவிட்டது. "இவ்ளோ வேண்டாம் பெரியவரே, கையெழுத்து போதும்" என்றார்.

"நீங்களும் படிச்சிட்டீங்க சார். நீங்களும் சொல்லக் கூடாது" என்றார் நைனா என்னிடம். சரி என்றேன்.

வண்டி ஓடிய விதம் இதுதான். டிரைவர் சீட்டின் மெத்தையைப் பிய்த்து எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் அவரை உட்கார வைத்தார்கள். மேலே, காலி சீட்டைப் போலவே தைத்த உறையைத் தலைக்கு மேலும் இழுத்து மூடினார்கள். கண்ணுக்கு இரண்டு கீறல் விட்டிருந்தார்கள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்தபடி ஓட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சீட்டு தெரியும், சக்கரம் தானாகத் திரும்பும்.

ராயபுரம் கடற்கரைச் சாலையில் மூன்று நாள் படம் பிடித்தார்கள். கயிறு கட்டி ஆட்களைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். என் அம்மாவும் போய்ப் பார்த்தாள். ஆளில்லாத கார் மெதுவாக வந்து, வளைவில் ஒழுங்காகத் திரும்பி, மீன் கூடையோடு நின்ற ஒருத்தியின் முன்னால் பிரேக் போட்டு நின்றது. அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் நடிகை இல்லை. வழி தவறி உள்ளே வந்தவள். அந்த மூன்று நாளும் மாலையில் அவர் வீட்டுக்குள் வரும்போது உடம்பு முழுவதும் வேர்க்குரு இருக்கும். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தைப் படித்த எனக்கும், வேர்க்குருவைப் பார்த்துத் தானாகப் புரிந்துகொண்ட அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

படம் ஓடியது. புளியந்தோப்பு, வியாசர்பாடியிலிருந்தெல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். நானும் பார்த்தேன். அதில் ஒரு காட்சி வரும்: நிறைமாதப் பெண் ஒருத்தி வலியோடு அந்தக் காரில் ஏறுகிறாள். கார் போகிறது. ஆஸ்பத்திரி வாசலில் கதவு தானாகத் திறக்கும்போது பின்சீட்டில் அவள் இல்லை. வளையல்கள் மட்டும் கிடக்கின்றன. கொட்டகை முழுவதும் அலறியது. வண்டியின் நம்பரைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ராயபுரத்துக்கு அந்த நம்பர் மனப்பாடம்.

அடுத்த வாரத்திலிருந்து யாரும் ஏறவில்லை. முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. டீக்கடையில் கேட்பார்கள்: "இன்னா நைனா, இன்னிக்கு நீ வண்டிய இட்டாந்தியா, வண்டி உன்ன இட்டாந்துச்சா?" அவர் சிரிப்பார். "மெய்யாலுமே உள்ள யாரும் இல்லியா? நம்பளாண்ட சொல்லு மாமு" என்று தோளில் கை போட்டுக் கேட்பார்கள். அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது.

பிறகு கோயில் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவது நின்றது. எட்டாம் மாத வாசல்களில் அவர் போய் நின்றால் கதவு பாதிதான் திறந்தது. வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துப் பார்த்தார். "கலரு மாத்திகினு வருதுடி" என்று பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் மனைவி காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஐஸில் ஊறிய விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு வார்த்த. சீட்டுக்குள்ள நான்தான் குந்திகினு இருந்தேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. வாயில முத்தா கொட்டிடும்?"

அன்று மாலையே அவரிடம் பேசினேன். படம் இந்த ஊரைவிட்டுப் போய்விட்டது, இனிமேல் சொல்லலாம் என்றேன். அவர் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அப்டி போட்டுக்கீதா சார்? படிச்சி சொல்லுங்க."

படித்தேன். எந்த ஊரில் எந்தக் கொட்டகையில் ஓடினாலும் என்றுதான் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் வேறு மாதிரி படித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"அப்போ பாக்கணும்" என்றார்.

பார்த்தார். வெள்ளிக்கிழமை படம் மாறும் நாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலி வண்டியை எடுத்துக்கொண்டு போஸ்டர் பார்க்கப் போவார். திருவொற்றியூரில் டூரிங் கொட்டகையில் இரண்டு வாரம் ஓடியது. பிறகு எண்ணூர், பிறகு வள்ளூர்ப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. படப்பெட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. நான்கு மாதம் காணாமல் போகும். அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வரும். திரும்ப எங்காவது ஒட்டியிருப்பார்கள். "இன்னும் ஓடுது சார்" என்பார் என்னிடம். கோபம் இருக்காது. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. நானும் சொல்லவில்லை.

1973 மே மாதம் என் தங்கை தலைப்பிரசவத்துக்காகக் காலடிப்பேட்டை மாமியார் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனா வாசலுக்கு வரவில்லை. துறைமுகத்திலிருந்து நான் திரும்பும் வழியில் நிறுத்தி, "சார், நான் கெபியாண்டதான் நிக்கறேன்" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 17, பதினொன்று நாற்பதுக்குத் தங்கைக்குப் பனிக்குடம் உடைந்தது. நாள் கணக்குக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக. பக்கத்து வீட்டு ஆயா கை வைத்துப் பார்த்துவிட்டு, "கொயந்த தல கீழ வர்ல, நிக்காதீங்க, கெளம்புங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை, போன் இருந்த மருந்துக்கடை மூடியிருந்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் அவர் காரை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பின்சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆயாவும் நானும் தங்கையைத் தாங்கிக்கொண்டு வந்தோம். அவள் ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டாள்.

"வேணாண்ணா. எனக்கு பயமா கீது. நான் படம் பாத்தேன்."

"அந்த வண்டியில என் பொண்ண ஏத்த மாட்டேன்" என்றாள் அம்மா.

"அது சினிமாம்மா. உள்ள இவர்தான் இருந்தார். சீட்டுக்குள்ள உட்கார்ந்து ஓட்டினார்" என்றேன்.

"நான் என் கண்ணால பாத்தேன்டா. சீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல."

நான் அவரைப் பார்த்தேன். இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, எண்ணூரில் மறுபடி போஸ்டர் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு அவரே என்னிடம் சொல்லியிருந்தார். கெபி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"யம்மா" என்றார். "சார் சொல்றது நெசம். நான்தான் இருந்தேன். சீட்டப் பிச்சிட்டு உள்ள குந்தவெச்சி மேல உறைய மூடினாங்க. கண்ணுக்கு ரெண்டு ஓட்ட. நான்தாம்மா ஓட்டனேன். பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏத்துங்க."

சந்து முழுவதும் வாசலுக்கு வந்திருந்தது.

"ரெண்டு வருசமா ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"படம் ஓட்ற வரிக்கும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல ஆணையா வாக்கு குட்த்தேன்."

"படம் இன்னும் எண்ணூர்ல ஓடிகினு கீதே. இப்ப மட்டும் எப்டி சொல்ற? மாதா மேல வெச்ச ஆணையவே தள்ளிட்டியே, உன் பேச்ச நம்பி என் பொண்ண ஏத்தச் சொல்றியா?"

அவர் கதவை இன்னும் அகலத் திறந்து பிடித்தார். "சவாரி கெடைக்கல, கத வுட்றாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"முதல்லேர்ந்து."

"தெரிஞ்சிகினு ஒரு நாள் வூட்ல சொன்னியா?"

அதற்குள் ஆயா ஓடிப்போய் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூட்டி வந்துவிட்டாள். தங்கையும் அம்மாவும் அதில் ஏறினார்கள். நான் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் பாரத்தோடு ரிக்‌ஷா ஏறாது. ரயில்வே கேட் வழியாகத்தான் போக வேண்டும். பன்னிரண்டு எட்டுக்குக் கேட்டை அடைந்தோம். மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில், பாதையை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டிருந்தது. தங்கை அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். வேகன் சக்கரங்களுக்கு நடுவே, அந்தப் பக்கம், பச்சைக் காரின் டயர்கள் தெரிந்தன. பக்கத்தில் அவர் செருப்புக் கால்கள். பாலம் சுற்றி வந்து நிற்கிறார். அப்போது மணி பன்னிரண்டு பதினைந்து.

ரயில் பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்கு நகர்ந்தது. கேட் திறந்ததும் அவர் மறுபடி பின்கதவைத் திறந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கைக்கு அப்போது நினைவில்லை. ரிக்‌ஷா அவரைத் தாண்டிப் போனது. நான் ரிக்‌ஷாவை நிறுத்தவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவ்வளவு நேரம் எங்க நின்னீங்க?" என்று ஒரு முறை கேட்டாள். பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒன்றரைக்கு ஆண் குழந்தை. அழவில்லை. அப்படியே துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். தங்கை பிழைத்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது அவர் ஆஸ்பத்திரிச் சுவரோரம் குந்தியிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

"சொல்லிட்டேன் சார்" என்றார். "சொல்லியும் ஏத்தல."

அதற்குப் பிறகும் சில வருடம் அவர் எங்கள் பக்கத்தில்தான் இருந்தார். வருவதாகவோ நிற்பதாகவோ அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாம் சார்" என்பார். வெள்ளிக்கிழமைகளில் போஸ்டர் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார். வண்டியைப் புளியந்தோப்பில் உடைக்கிறவர்களிடம் போட்ட அன்று அவர் மனைவி அழுதாள். அவர் நம்பர் பலகையைக்கூடக் கழற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஐந்தே காலுக்கு எழுந்தேன். அம்மா ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். முந்தின நாள் நான் கிளம்பும்போது, பால் கட்டிக்கொள்ளும், அது வற்றுவதற்குக் காலையில் முதல் வேலையாக மல்லிகைப்பூ வாங்கி வா, மார்பில் வைத்துக் கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆறு மணிக்குப் பூக்கடை திறந்ததும் ஆறு முழம் கேட்டேன்.

"காலங்காத்தால ஆறு மொழமா? இன்னா விசேசம் சார்?" என்றாள் பூக்காரி.

"தங்கச்சிக்கு."

"அட, கொயந்த பொறந்துச்சா?"

"பொறந்துச்சு" என்றேன். அவள் ஒரு சாண் கூடுதலாக அளந்து, ஈர வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள்.

திரும்பினேன். கார் நின்றிருந்தது. நைனா இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல், பின்கதவைத் திறந்தார். அந்த வண்டியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்தால் அம்மா அந்தப் பூவைத் தங்கைமேல் வைக்க மாட்டாள். அதை நான் சொல்லவில்லை.

"நான் நடந்துடறேன் நைனா" என்றேன். இலையிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்ட, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.